எட்டு வார வீடு

— பெட்டியைத் தூக்கிக்கிட்டு தராசுல ஏறி நில்லு, கினா. அம்பது பவுண்டுக்கு மேல போச்சுன்னா ஏர்போர்ட்டுல நாலு பேர் நடுவுல உன் துணியெல்லாம் கடைபரப்ப விட்டுருவாங்க.

— நிக்கிறேன், டார்லாம்மா. எனக்கு முள்ளு தெரியல, பெட்டி மறைக்குது.

— நான் பாக்குறேன். அட, நீயும் பெட்டியும் சேர்ந்தே என் எடையில முக்கால்வாசிதான் வர்றீங்க. இறங்கு, இன்னும் இடம் இருக்கு. அந்த வாலிபால் சட்டையையும் உள்ள வை.

— அது பள்ளிக்கூடத்துச் சட்டை. திருப்பிக் கொடுக்கணும்.

— பதினேழாம் நம்பர் சட்டையைக் காணோம்னு அங்க யாரும் அழப் போறதில்ல. வை உள்ள.

— நான் ஒரு ஆட்டம்கூட ஆடலையே. பெஞ்சுலதானே உட்கார்ந்திருந்தேன்.

— நீ பெஞ்சுல உட்கார்ந்து கைதட்டுன தட்டுக்குத்தான் அந்தக் கழுதைங்க ரெண்டு ஆட்டம் ஜெயிச்சதுங்க. நேராச் சொல்றேன், அந்தக் கோச்சுக்குக் கண்ணு பொடனியில இருக்கு.

— மணி என்ன ஆச்சு?

— நாலு. ஜோலீன் நாலரைக்கு வந்துடுவா. ஓமாஹாவுல அவ தங்கச்சி வீட்டுல உன்னை வச்சிருந்து, காலையில விமானம் ஏத்தி விடுவா.

— பாவம் ஜோலீன் மேடம். என்னால அவங்களுக்கு எவ்வளவு அலைச்சல்.

— அலைச்சல் என்ன அலைச்சல், அதுதான் அவ வேலை. வெளிநாட்டுலேருந்து ஒரு வருஷம் படிக்க வர்ற பிள்ளைங்களுக்கு வீடு பிடிச்சுக் கொடுக்கத்தானே அவ இருக்கா. உனக்காக இந்தக் கவுண்டியில, சுத்துவட்டாரத்து ஊர் எல்லாத்துலயும், ஒரு கதவு விடாம தட்டிட்டா. சர்ச்சுல எழுந்து நின்னு கேட்டா. நான் வேலை பாக்குற தானியக் கிடங்குக்கு வந்து, லாரியோட வரிசையில நிக்கிறவன்கிட்டல்லாம் கேட்டா. எல்லாப் பயலும் பூட்ஸையே குனிஞ்சு பார்த்துக்கிட்டு நின்னானுங்க. ஒரு வீடும் அமையல.

— நீங்க வேற வீடு கிடைக்கிற வரைக்கும் எட்டு வாரம்னு சொல்லித்தானே என்னை எடுத்தீங்க. அந்த எட்டு வாரமும் நல்லா வச்சுக்கிட்டீங்க. அதுவே பெருசு.

— ம். உங்க அம்மாகிட்டச் சொல்லிட்டியா?

— இன்னும் இல்ல.

— இல்லையா? நாளான்னைக்கு நீ வாசல்ல போய் நிக்கப் போறே, பொண்ணே.

— எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் கிளம்பின அன்னைக்கு எங்க தெருவே ஒரு பஸ் பிடிச்சு ஏர்போர்ட்டுக்கு வந்துச்சு. எங்க ஜாவாத் தீவுல அந்தச் சின்ன ஊர்லேருந்து இந்த உதவித்தொகையில அமெரிக்கா வந்த முதல் பொண்ணு நான்தான். நான் வாலிபால் குழுவுல சேர்ந்தேன்னதும் அம்மா மஞ்சச் சோறு ஆக்கித் தெருவுக்கே கொடுத்தாங்க. இப்பப் பாதியில போய் நின்னா, எனக்கு அடுத்து ஒரு பிள்ளையை எங்க பள்ளிக்கூடத்துலேருந்து எடுப்பாங்களான்னுகூடத் தெரியல.

— பெஞ்சைப் பத்தி அம்மாகிட்ட மூச்சு விடலையாக்கும்.

— "சந்தோஷமா இருக்கியா"ன்னுதான் கேட்டாங்க. ஆமான்னேன்.

— இருந்தியா?

— முதல்ல ஒண்ணுமே பிடிபடல. மணி அடிச்சா நாலே நிமிஷத்துல அடுத்த வகுப்புல இருக்கணும். லாக்கர் பூட்டைத் திருகித் திறக்கவே எனக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். அதனால எல்லாப் புஸ்தகத்தையும் ஆறு வாரம் முதுகுலயே சுமந்தேன்.

— அதான் கூனிக்கிட்டு வந்தியா? உன் நடையே அப்படின்னு நெனச்சேன். ஏன்டி சொல்லல? வெஸ்கிட்டக் கேட்டிருந்தா அரை நிமிஷத்துல சொல்லிக் கொடுத்திருப்பானே.

— அவர் என் மேல கோபமா இருக்காருன்னு நெனச்சேன். அந்த மான் தலைக்காக.

— யாரு, என் வீட்டுக்காரனா? அந்த மான் தலையைச் சுவத்துலேருந்து எடுன்னு இருபது வருஷமா நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அசையல. நீ வந்த மூணாம் நாள், "அந்தப் பொண்ணு தொழுகிற பக்கத்துல இது முறைச்சுக்கிட்டு நிக்குது"ன்னு அவனே கழட்டிக் கொட்டகையில போட்டான். கோபமாம் கோபம்.

— எனக்கு அது தெரியாது. அவர் பேசவே இல்லையே.

— அவன் என்கிட்டயே வருஷத்துக்கு நாலு வாக்கியம்தான் பேசுவான். சரி, பள்ளிக்கூடத்துல வேற என்ன? மதியச் சாப்பாட்டுக்கு யாரோட உட்கார்ந்தே?

— கேய்லின்னு ஒரு பொண்ணு மேசையில. காரமான அவரைக் குழம்புக்கு இனிப்பு ரொட்டி தொட்டுச் சாப்பிடக் கத்துக் கொடுத்தா. "ஒரு நாள் வீட்டுக்கு வா"ன்னும் சொன்னா. அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கே தலைவாரி வாசப்படியில வந்து உட்கார்ந்துட்டேன்.

— பொழுதுக்கும் உட்கார்ந்திருந்தியே, அதுக்கா? நான் நீ வெயில் காயறேன்னு நெனச்சேன்.

— திங்கக்கிழமை பார்த்தப்ப "எப்படி இருக்கே"ன்னு கேட்டா. நான் வாயத் திறக்குறதுக்குள்ள வராந்தாவோட அந்தக் கோடிக்குப் போயிட்டா. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இங்க கேக்குறதெல்லாம் ஒரு பேச்சுக்குக் கேக்குறது.

— பதினாறு வயசுக் குட்டிங்க அப்படித்தான் இருக்கும். எல்லாரும் அப்படி இல்ல.

— சரி.

— என்ன சரி? நேராச் சொல்றேன், எனக்கு மனசுல பூட்டி வைக்கத் தெரியாது. மூணு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை, பாத்திரம் கழுவறப்ப நான் உன்னை ஒண்ணு கேட்டேன்ல?

— கேட்டீங்க.

— ஜூன்ல படிப்பு முடியற வரைக்கும் இங்கயே இருந்துடறியான்னு கேட்டேன். நீ என்ன சொன்னே?

— "வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்"னு சொன்னேன்.

— சொன்னேல்ல. நான் மேல போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். நாப்பத்தொம்பது வயசுப் பொம்பள. எங்க சாப்பாடு பிடிக்காம, எங்களைப் பிடிக்காம, தலையெழுத்தேன்னு நாளை ஓட்டியிருக்கு இந்தப் பொண்ணுன்னு.

— பிடிக்கலையா? யார் சொன்னா?

— நீதான் சொன்னே. வேண்டாம்னு.

— டார்லாம்மா, அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் உங்க பின்னாலயே சுத்துனேனே. துணி மடிக்க வந்தேன், கோழிக்குத் தீனி போட வந்தேன். நீங்க மறுபடி கேப்பீங்கன்னுதான்.

— மறுபடி எதுக்குக் கேக்கணும்?

— எங்க ஊர்ல கேட்டதும் சரின்னு சொல்ல மாட்டோம். எப்படா கூப்பிடுவாங்கன்னு காத்துக் கிடந்தவன்னு நெனச்சுடுவாங்க. முதல் தடவை வேண்டாம்னு சொல்லணும். ரெண்டாம் தடவையும் சொல்லணும். மூணாவது தடவையும் கேட்டாங்கன்னா நிஜமாவே கூப்பிடறாங்கன்னு அர்த்தம். அப்ப ஒத்துக்கலாம்.

— இரு இரு. வந்த புதுசுல கோழித் தட்டை நீட்டுனா வேண்டாம் வேண்டாம்னியே?

— பசியோடதான் சொன்னேன்.

— பசியோடயா? என் மேசையில உட்கார்ந்துக்கிட்டா?

— முதல் வாரம் மட்டும்தான். அப்புறம் நீங்களே தட்டுல போட ஆரம்பிச்சுட்டீங்க. பரவாயில்ல.

— பரவாயில்லைன்னு சொல்லாதே. உன் பரவாயில்லைக்குள்ள என்னென்ன கிடக்கோ, யாரு கண்டா. குருவி கொறிக்கிற மாதிரி கொறிக்குதுன்னு நானும் வெஸ்ஸும் சிரிச்சோமே, பாவிங்க.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லலையே.

— வேண்டாம்னு சொன்னவங்களைப் போட்டு நச்சரிக்கக் கூடாதுன்னு எங்கம்மா அடிச்சு வளர்த்தா. உன் வாய்ச்சொல்லுக்கு மரியாதை கொடுக்கிறதா நெனச்சுக்கிட்டு விட்டுட்டேன், கினா.

— நான், நீங்களும் கேய்லி மாதிரி ஒரு பேச்சுக்குத்தான் கேட்டீங்கன்னு நெனச்சுட்டேன். மறுநாள் நீங்க போன்ல, "அவளுக்கு வேற வீடு பாரு ஜோலீன்"னு சொன்னதை மாடிப்படியில நின்னு கேட்டேன்.

— அப்பவே இறங்கி வந்து கத்தியிருக்கலாம்ல? ஒரு தட்டைத் தூக்கி எறிஞ்சிருக்கலாம்ல?

— எனக்கு அதெல்லாம் வராது.

— வராதுதான். எனக்கு மட்டும் என்ன வந்துச்சு? ரெண்டாம் தடவை கேக்குற அளவுக்குக்கூட வாய் வரலையே.

— டார்லாம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? எங்க அம்மா காதுல விழுந்தா வெக்கத்துல செத்தே போயிடுவாங்க.

— சொல்லு.

— எனக்குப் போக வேண்டாம். இங்கயே இருக்கணும். எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு, வெஸ் பேசாம உட்கார்ந்திருக்கிறது பிடிச்சிருக்கு, உங்க சத்தம் பிடிச்சிருக்கு. லாக்கரைத் திறக்கவும் போன வாரம் கத்துக்கிட்டேன். வருஷம் முழுக்க பெஞ்சுலயே உட்கார வச்சாலும் சரி. நீங்க இப்ப ஒரே ஒரு தடவை கேளுங்க. நான் உடனே ஒத்துக்கிறேன்.

— அந்த ஜிப்பை இழு, பாதியில நிக்குது பாரு.

— கேளுங்க, டார்லாம்மா.

— காலையிலேருந்து உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வாயெடுக்கிறேன், வர மாட்டேங்குது.

— என்ன சொல்லணும்? என் மேல இன்னும் வருத்தமா?

— உன் மேல என்ன வருத்தம். ஐயோ, அது ஜோலீன் வண்டிதான். அதுக்குள்ள வந்துட்டா.

— நான் போய் அவங்ககிட்டச் சொல்லிடறேன். டிக்கெட்டை நிறுத்தச் சொல்லலாம். நான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்றேன், உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு சொல்றேன்.

— ஓடாதே, நில்லு.

— டார்லாம்மா, அவங்க கூட ஒரு பொண்ணு இறங்குறா. ரெண்டு பெரிய பெட்டி வச்சிருக்கா. யாரு அது?

— நார்வேக்காரப் பொண்ணு, இங்வில்டுன்னு பேர். பக்கத்துக் கவுண்டியில அவ இருந்த வீட்டுல யாருக்கோ உடம்பு முடியாமப் போச்சாம். நம்ம பள்ளிக்கூடத்துல வெளிநாட்டுப் பிள்ளைக்குன்னு இருக்கிறதே ஒத்தை இடம், நீ போறேன்னதும் அதை அவ பேருக்கு எழுதிட்டாங்க. நேத்து ஜோலீன் போனை அவ கையில கொடுத்தா, நானும் "இங்க வந்து இருக்கியா"ன்னு கேட்டேன். ஒரு தடவைதான் கேட்டேன், கினா, உடனே சரின்னுட்டா.