இரண்டு மணிக்குத் திறக்கும் ஜன்னல்

நடுநாயகமாக வீற்றிருக்கும் நோயாளர் நலச் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் உலகநாதன் ஐயா அவர்களே. ஆறு ஆண்டுகளாக இந்த ஊரின் நாடியைப் பிடித்துக்கொண்டு இன்னும் இடமாற்றம் கேட்காத மருத்துவர் ராஜ்மோகன் சார் அவர்களே. எங்கள் சுகாதார நிலையத்தின் எழுத்தர், பதிவேடுகளின் பாதுகாவலர் வீரமணி அண்ணன் அவர்களே. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே. நடவு முடித்து, கழுவிய காலில் ஈரம் காயும் முன்னே வந்துவிட்ட தாய்மார்களே. நாற்காலி கிடைக்காமல் மதில்மேல் குந்தியிருக்கும் தம்பிமார்களே! மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நீங்கள் பாதி முகமாக மட்டுமே பார்த்திருக்கும் மருந்தாளுநர் ஆரோக்கியசெல்வி, இன்று முழு முகத்தோடு வணக்கம் சொல்கிறேன்.

மைக்கைக் கிட்டே வைக்கச் சொல்கிறார் ஓர் அண்ணன். வைத்துவிட்டேன். இப்போது கேட்கிறதா? நல்லது. இனி எழுந்து போக உங்களுக்குக் காரணம் இல்லை.

இந்தக் கூட்டம் ஒரு ஜன்னலுக்கான ஆண்டுவிழா. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பிற்பகல் இரண்டு மணிக்குத் திறக்கும் மருந்து ஜன்னல். புதுக் கட்டடம் இல்லை. புது ஆள் இல்லை. ஒரு ஜன்னல். அதற்கா இத்தனை விளக்கு, இத்தனை விரிப்பு என்று கேட்பீர்கள். அதற்குத்தான். ஆனால் அந்தக் கதையை என் தவறிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் நான் இங்கே வேலைக்கு வந்தேன். அப்போது பிரஷர், சர்க்கரை மாத்திரை புதன்கிழமை மட்டும். எட்டு ஊர் ஆட்கள், ஒரே நாள், ஒரே ஜன்னல். விடிவதற்குள் வாசலில் ஓ.பி. நோட்டுகள் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். மனிதர் மரத்தடியில், நோட்டு வரிசையில். யாராவது கல்லை நகர்த்தினால் அன்றைக்கு வைத்தியத்துக்கு முன்னால் பஞ்சாயத்து.

நான் படித்தவள். திட்டமிடத் தெரிந்தவள். ஓர் அட்டவணை போட்டேன். திங்கள் இந்த ஊர், செவ்வாய் அந்த ஊர், கரிக்கலாம்பாக்கம் பக்கத்து ஆட்களுக்கு வியாழன். நான்கு நிறப் பேனாவால் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒரே மாதத்தில் வரிசை காணாமல் போனது. கல் இல்லை, கூச்சல் இல்லை. பார்வையிட வந்த அதிகாரி அட்டவணையைப் படம் எடுத்துக்கொண்டு போனார். நான் அன்று முழுவதும் மிதந்தேன்.

மிதந்தவளைத் தரைக்கு இறக்கியது அலமாரி. மூன்றாம் மாதக் கடைசியில் பார்த்தால் பிரஷர் மாத்திரை நான்கு பெட்டி அப்படியே இருக்கிறது. வீரமணி அண்ணனிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: "மிச்சம் இருந்தா நல்லதுதானம்மா. எல்லாத்துக்கும் கொணமாயிடுச்சின்னு எழுதிக்க."

சிரிக்கிறீர்கள். அவரும் சிரிக்கிறார். அன்று நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் சிரிப்பு நின்றது. வரிசை சீரானதா? வரிசை கலைந்ததா? வந்தவர்கள் வசதியாக வந்தார்களா? வராதவர்கள் எங்கே போனார்கள்?

வராதவர்களின் பெயரை நோயாளர் அட்டையில் பார்த்துத் தேடிக்கொண்டு போனேன். ஏரிப் பாசனத்து வயலில் நின்றது என் வண்டி. பன்னிரண்டு பெண்கள், ஒரே நடவு செட்டு. முன்பெல்லாம் ஒரு செட்டு என்றால் ஒரே ஊர். நடவு மெஷின் வந்து வேலை குறைந்ததும் மூன்று ஊர் ஆட்கள் சேர்ந்து ஒரு செட்டானார்கள். உங்களுக்கெல்லாம் தெரிந்த செய்தி. அட்டவணை போட்ட எனக்கு மட்டும் தெரியாது. ஊர்வாரியாக நாள் பிரித்தேன். அவர்களோ ஊர்வாரியாக வாழவில்லை, செட்டாக வாழ்ந்தார்கள். ஒரு செட்டுக்கு மூன்று கிழமை. மூன்று நாளும் ஆள் குறைந்தால் நிலத்துக்காரர் மெஷினைக் கூப்பிட்டுவிடுவார். அதனால் வாரத்துக்கு ஒருத்தியை மட்டும் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

மற்றவர்கள்?

இங்கேதான் என் தாய்மார்களின் பெருந்தன்மையைப் பாருங்கள். தையலம்மாள் அக்கா இடுப்பிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். உள்ளே மாத்திரைகள். வெள்ளை, மஞ்சள், பிரஷர், சர்க்கரை, எல்லாம் ஒன்றாக. டீ வந்தால் பங்கு. கூலி வந்தால் பங்கு. ஒருத்தி கொண்டு வரும் மாத்திரையும் பங்கு. ஆளுக்கு ஒன்று. சண்டையே கிடையாது.

"எல்லாருக்கும் சரிசமமாத்தான் குடுக்கறோம், இன்னா தப்பு?" என்று கேட்டார். "நோவு இல்லாதவ கூட ஒண்ணு போட்டுக்கறா. பின்னாடி வராம இருக்கும் இல்ல?"

அதோ, அவர் கையைத் தூக்குகிறார். ஆமாம் அக்கா, உங்களைத்தான் சொல்கிறேன். கையை இறக்குங்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் தனக்கொடி அம்மா. ஐம்பத்து மூன்று வயது. தினம் இரண்டு பிரஷர் மாத்திரை போட வேண்டியவர். பங்கில் அவருக்குக் கிடைத்தது ஒன்று. அதுவும் அன்றைக்குக் கை எதை எடுத்ததோ அது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் நாற்று முடியை நழுவவிட்டார். குனிந்தார். நிமிர முடியவில்லை. வரப்பில் உட்காரவைத்துப் பிரஷர் அளந்து பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றாறு.

இன்றைக்கு நடவு போதும், உட்காருங்கள் என்றேன். கேட்கவில்லை. இந்தப் பருவத்துக்கு இருப்பதே பதினேழு நாள் நடவு, வெளியே போனால் இடம் போய்விடும் என்றார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"நீ மாத்திரை குடுப்ப. எடம் குடுப்பியாம்மா?"

நண்பர்களே, என் நான்கு நிறப் பேனாவில் இதற்குப் பதில் எழுதும் நிறம் இல்லை.

பதில் சொன்னது தையலம்மாள் அக்கா. "குந்துடி. உன் வரிசையையும் சேத்து நானே நட்டுக்கறேன். உன் எடத்துல எவ வந்து நிக்கறான்னு பாக்கறேன்." அவ்வளவுதான். அவரோடு சேர்த்துப் பதினோரு பேரும் ஆளுக்கு அரை அடி நகர்ந்து, அந்த இடைவெளியை நிரப்பினார்கள். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். மறு கேள்வி கேட்காமல் கிளம்பி வந்தார். வரப்பில் உட்கார்ந்து பார்த்தார். மருந்து கொடுத்தார். அன்று பிற்பகல் செட்டே வேலை முடித்து எங்கள் நிலையத்துக்கு வந்தபோது மணி இரண்டு. மருந்து ஜன்னல் மூடும் நேரம் ஒரு மணி. மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் பூட்டைத் திறந்தேன்.

அன்று திறந்ததை இன்றுவரை மூடவில்லை.

எளிதாக நடந்ததா? இல்லை. வீரமணி அண்ணன் பதிவேட்டைக் குறுக்கே பிடித்துக்கொண்டார். "ஊருக்குத்தாம்மா கட்டம் இருக்குது. செட்டுக்கு ஏது கட்டம்?" நியாயமான கேள்வி. கட்டத்தில் அடங்காத மனிதரைக் கணக்கில் எப்படிக் கொண்டுவருவது? ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒரு நாள் காலை நான் வரும்போது ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் மேசையில் இருந்தன. பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம். நானூறு பக்கத்துக்கும் அவரே கோடு போட்டிருந்தார். கைதட்டுங்கள். இந்த மனிதருக்குக் கைதட்டல் கிடைப்பது அரிது.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் நான் பத்து மணிக்கு வருகிறேன், நாலரை மணிக்குப் போகிறேன். பத்து மணி வரை செவிலியர் ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறார். செட்டு மொத்தமும் ஒரே நாள். அவரவர் மாத்திரை அவரவர் பெயரெழுதிய உறையில். பங்கு போடக் கூடாது என்று தையலம்மாள் அக்காவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். டீயைப் பங்கு போடலாம்.

மருத்துவமனையைச் சீர்திருத்துவது என்றால் என்ன? பளிங்குத் தரையா? பளபளக்கும் பலகையா? அவையும் வரட்டும், வரவேற்போம். ஆனால் யாருடைய நேரத்துக்கு யார் வளைவது? சேற்றில் நிற்பவர் அட்டவணைக்கு வளைய வேண்டுமா? நாற்காலியில் இருப்பவர் அரை அடி நகரக் கூடாதா? அந்தப் பதினோரு பெண்கள் நகர்ந்தார்களே! அவர்கள் எந்தக் கல்லூரியில் நிர்வாகம் படித்தார்கள்? ஒருத்தி விழுந்தால் வேலையும் நிற்கக் கூடாது, விழுந்தவள் இடமும் போகக் கூடாது. இதைவிட நல்ல நிர்வாகத்தை நான் படித்த புத்தகம் எதிலும் பார்க்கவில்லை.

இந்த ஆண்டு இன்றோடு முடிந்த பதினேழு நாள் நடவிலும் தனக்கொடி அம்மா ஒரு நாள் விடவில்லை. போன வெள்ளிக்கிழமை அளந்தேன். நூற்றுமுப்பத்திரண்டு. எண்ணைக் கேட்டுவிட்டு, இது பாஸா ஃபெயிலா என்றார். பாஸ் என்றேன். திரும்பிப் பார்க்காமல் பேருந்துக்கு ஓடினார்.

கடைசியாக ஒரு செய்தி. அறிவிக்கும் பொறுப்பைத் தலைவர் ஐயா எனக்குத் தந்திருக்கிறார். நோயாளர் நலச் சங்கத்தில் பதினோரு உறுப்பினர்கள். எல்லோரும் நல்லவர்கள். ஒருவர்கூட அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றவர் இல்லை. இன்று சங்கம் பன்னிரண்டாவது உறுப்பினராகத் தனக்கொடி அம்மாவைச் சேர்க்கிறது. இனி எங்கள் அட்டவணை எதுவானாலும் அவர் பார்த்த பிறகுதான் சுவரில் ஏறும்.

நேற்று வயலுக்கே போய்ச் சொன்னேன். நாற்று முடியைப் பிரித்துக்கொண்டே கேட்டார். மகிழ்ச்சியா என்று தெரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"நடவு நாள்ல கூட்டம் வெச்சீங்கன்னா நான் வர மாட்டேன். நீங்கதான் நாளை மாத்திக்கணும்."

தலைவர் ஐயா அவர்களே, சபை காத்திருக்கிறது. உங்கள் பதில்?

தலையசைத்துவிட்டார். எல்லோரும் பார்த்தீர்கள். வீரமணி அண்ணன், தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், வேலைக்களைப்போடு வந்த தாய்மார்க்கும், மதிலை விட்டு இறங்காத தம்பிமார்க்கும் என் நன்றி. செவ்வாயோ வெள்ளியோ, பார்ப்போம். வணக்கம்.