மூன்று விமானங்களுக்கு ஒரு மாப்பிள்ளை

ஜன்னலோர இருக்கைக்குத் தனிக்காசு வாங்கும் யோசனை என்னுடையது அல்ல. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்காரர்கள் எல்லாப் பழியையும் மூட்டையாகக் கட்டி என் தலையில் வைத்துவிட்டார்கள். அது முதலாளியின் யோசனை. பஸ் விட்டுச் சம்பாதித்த மனிதர். "ஜன்னலோரம் வேணாம்னு சொன்னவனைப் பாத்திருக்கியா நீ?" என்று கேட்டார். நான் பார்த்ததில்லை.

நான் பராமரிப்புப் பிரிவின் தலைவன். விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுகிறவன். நான் போடாவிட்டால், விமானி எத்தனை பெரிய கொம்பனாக இருந்தாலும் தரையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்களிடம் மூன்றே விமானங்கள். மூன்றும் வேறு யாரோ ஓட்டிச் சலித்துக் கைமாற்றிவிட்டவை. மூத்தவள், நடுவுள்ளவள், கடைக்குட்டி என்று பணிமனையில் பெயர் வைத்திருந்தோம். பஸ் டிக்கெட்டோடு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசைச் சேர்த்தால் எங்களோடு பறந்துவிடலாம். கூட்டம் அள்ளியது. ஒரு தடவை, சக்கரம் தரையைத் தொடுவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர் கதவருகே வந்து நின்றுவிட்டார். பணிப்பெண் உட்காரச் சொன்னாள். "எறங்குற எடம் தாண்டிடும்மா" என்றார். அன்று முழுவதும் பணிமனையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எனக்கு அவர்களைப் பிடிக்கும். நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் பிடிக்கும்.

பெரிய கம்பெனிகள் முதலில் எங்களைப் பார்த்துக் கேலி பேசின. பிறகு எங்கள் கட்டணத்துக்கே இறங்கி வந்து சும்மா உட்கார்ந்துகொண்டன. யானை பட்டினி கிடந்தால் இளைக்கும், பூனை கிடந்தால் செத்துப்போகும். அது அவர்களுக்குத் தெரியும். எரிபொருள் விலையும் ஏறியது. சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"மூணும் பறக்கணும். ஒண்ணு நின்னாக்கூடக் கடையைச் சாத்த வேண்டியதுதான். ஒன்னை நம்பி எத்தனை அடுப்பு எரியுதுன்னு நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். என் வீட்டு அடுப்பையும் சேர்த்துத்தான்.

இனி அந்தப் பெட்டி. பிரேக் போடும்போது சக்கரம் வழுக்கிவிடாமல், விட்டுவிட்டுப் பிடிக்கச் செய்கிற பெட்டி அது. கைப்பெட்டியில் பாதி இருக்கும். விமானத்துக்கு ஒன்றாக எங்களிடம் இருந்த மூன்று பெட்டிகளில் ஒன்றுக்கு ஒரு குணக்கேடு. காய்ந்த ஓடுதளத்தில் தங்கமாக நடந்துகொள்ளும். மழையில் நனைந்த ஓடுதளத்தில் மட்டும், விமானி மிதித்த பிறகு கொஞ்சம் யோசிக்கும். பணிமனையில் வைத்துச் சோதித்தால் ஒரு குறையும் காட்டாது. வெளியில் சொல்லவும் முடியாமல், உள்ளே வைத்துக்கொள்ளவும் முடியாமல் இருந்ததால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் விழுந்தது.

பெயர் வைத்தவன் எனக்குக் கீழே வேலை பார்த்த பொறியாளன். எதற்கெடுத்தாலும் விதிமுறை பேசுவான் என்பதால் அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். அவன் சொல்லித்தான் இன்று என்னை மறுபடி விசாரணைக்கு அழைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

விதி இதுதான். ஒரே விமானத்தில் ஒரே கோளாறு மூன்றாம் முறை வந்தால், காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை அது பறக்கக்கூடாது. பெட்டியைத் தயாரித்தவர்களோ எங்களுக்குக் கடன் தருவதை நிறுத்தியிருந்தார்கள். எனவே இரண்டாவது புகார் வந்ததும் மாப்பிள்ளையைக் கழற்றி அடுத்த விமானத்தில் வைப்பேன். அங்கிருந்த நல்ல பெட்டி இங்கே வரும். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இதில் பொய் எதுவும் இல்லை. மாற்றினோம், மாற்றியதாகவே எழுதினோம்.

"சார், மூணு பொண்ணுக்கும் ஒரே மாப்பிள்ளைன்னா ஊரே சிரிக்கும்" என்றான் சட்டாம்பிள்ளை.

"ஊருக்கு யாரு சொல்லப் போறா?"

"பொண்ணுங்கதான் சார். ஒரு நாளைக்கு."

கெட்டிக்காரத்தனமாகப் பேசுவான். பேசிக்கொண்டே ஸ்பேனரையும் எடுத்துக்கொடுப்பான்.

நான் இதை எப்படிப் பார்த்தேன் என்றால், ஒரே விமானத்துப் பயணிகள் மட்டும் ஆபத்தை முழுசாகச் சுமப்பது நியாயம் இல்லை. பெட்டி சுற்றி வந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம். சொத்தைப் பங்கு பிரிப்பதுபோல. யாருக்கும் நான் ஓரவஞ்சனை செய்யவில்லை.

அந்த வாரம் மாப்பிள்ளை மூத்தவள் வீட்டில் இருந்தார். போய் இரண்டு நாள்கூட ஆகவில்லை. புகாரும் வரவில்லை. என் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சேர்த்துவிட்டு வர அவளோடு என் மனைவியும் கிளம்பினாள். ஊழியர் குடும்பத்துக்கு டிக்கெட் இலவசம். மூத்தவளில் போட்டிருந்தார்கள். காலையில் வானிலைச் செய்தி பார்த்தேன். அவர்கள் இறங்கும் ஊரில் நல்ல மழை.

பணிமனைக்குப் போய், பெட்டியைக் கழற்றச் சொன்னேன்.

"இப்ப எதுக்கு சார்? புகார்கூட வரலியே" என்றான் சட்டாம்பிள்ளை.

"சும்மா, ஒரு முன்ஜாக்கிரதை."

அவன் ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தான். பயணிகள் கூடத்தில் என் மனைவி தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மாவும் பாப்பாவும் மூத்தவள்லயா சார்?"

"பெட்டியைப் பிடிப்பா."

"கடைக்குட்டி போற ஊர்ல மழை இல்லையா?"

"தூறல்தான்."

"பாத்தீங்களா சார்?"

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அவன் பெட்டியைப் பிடிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நானே கழற்றினேன். கடைக்குட்டியில் நானே மாட்டினேன். கையெழுத்தும் போட்டேன். வேலை சுத்தம். இணைப்புகளை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

கடைக்குட்டி இறங்கியபோது அங்கே பெய்தது தூறல் அல்ல. காலையில் நான் பார்த்த செய்தியிலும் தூறல் என்று போட்டிருக்கவில்லை. விமானி மிதித்தார். மாப்பிள்ளை யோசித்தார். ஓடுதளம் முடிகிற இடத்தில் ஒரு பள்ளம், அதைத் தாண்டி ஒரு மதில் சுவர். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த வாரமே கம்பெனி படுத்தது. ஊர் திரும்ப வழியில்லாத பயணிகள் எங்கள் கவுண்ட்டருக்கு எதிரிலேயே படுத்துக் கிடந்தார்கள். முதலாளி வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்து, விமானி ஓடுதளத்தில் வெகுதூரம் தள்ளித் தரையிறக்கியதுதான் காரணம் என்று அறிக்கை படித்தார். விமானி மறுத்துப் பேச உயிரோடு இல்லை. முதல் விசாரணையில் என்னைக் கேட்டபோது, இருக்கலாம் என்றேன். விமானியின் மனைவி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் தப்புப் பண்ணியிருக்க மாட்டாரு அண்ணே, நீங்களாவது சொல்லுங்க" என்றார். மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

நேற்று என் மகள் இங்கே, காவலில் இருக்கும் என்னைப் பார்க்க வந்திருந்தாள். கல்லூரியை விட்டுவிட்டாளாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்னிக்குக் காலையில எங்க ப்ளேன்லேர்ந்து எதையோ கழட்டுனீங்களாமே."

"ஆமாம்மா."

"கழட்டி?"

படித்த பெண் அல்லவா. கேள்வியை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். "நான் உன் நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பித்தேன். அவள் போய்விட்டாள். அவள் அம்மா வரவே இல்லை.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில், ஆமாம். பெட்டி பழுது என்று தெரியும். இரண்டு ஊரிலும் மழை என்று தெரியும். எந்த விமானத்தில் யார் போகிறார்கள் என்றும் தெரியும். தெரிந்துதான் மாற்றினேன்.

மூத்தவள் அன்று குறித்த நேரத்தில், கொட்டுகிற மழையில், ஒரு குலுக்கல்கூட இல்லாமல் இறங்கினாள். என் பணிக்காலத்தில் அவ்வளவு பாதுகாப்பாக ஒரு விமானத்தை நான் அனுப்பியதே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.