வயிறு மூடாத கவந்தி

குலுக்காதீங்கக்கா, அத கீழ வைங்க. நாலு கவந்தி, ஒட்டுத்துணிப் போர்வை, விரிச்சுக் காட்டிட்டேன், உங்க கண்ணு இந்த அஞ்சாவது மேலயே நிக்குது. இது விக்கிறதுக்கு இல்ல. கொஞ்சம் மெதுவா பேசுங்க, உள்ள எங்க அத்தை, என் மாமியார், படுத்திருக்காங்க. கண்ணுதான் போச்சு, காது காட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போகும்.

பழசுதான். அடித்துணி எங்க அத்தையோட மாமியார் தைச்சது. கிழியக் கிழிய மேல ஒட்டுப் போட்டு என் கைக்கு வந்திருக்கு. அந்தக் காப்பிக்கலரு யாரு பாவாடைன்னு அத்தைகிட்ட கேட்டுராதீங்க, மூணு தலைமுறைச் சண்டையும் சொல்லித்தான் விடுவாங்க. எல்லாம் போனவங்க துணி. உடுத்த ஆள் இருக்கிற துணியில எங்க வீட்ல கத்திரி வைக்க மாட்டோம்.

ஓட்டையா? ஓட்டை இல்லக்கா, வயிறு. ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தித் தைச்சு நடுவுக்கு வருவோம். அங்க நாலு அரிசி போட்டுத்தான் மூடணும். போர்வையே பட்டினி கிடந்தா போத்துறவன் வயிறு நிறையுமா? சிரிங்க சிரிங்க, பாதிரியாரும் சிரிச்சாரு. அப்புறம் அவரு கவந்தியில அரிசி இருக்கான்னு தடவிப் பாத்துத்தான் வாங்கிட்டுப் போனாரு.

இத மூட வேணாம்னது அத்தை. என் வீட்டுக்காரரு பஸ்தியாவ் கோவாவுக்கு மீன்பிடிப் படகு வேலைக்குப் போனாரு. மகன் வந்து அவன் கையால அரிசி போடட்டும்னாங்க. அஞ்சு மாசமா திறந்தே கிடக்கு. தினமும் தலைமாட்டுல இருந்து வயிறு வரைக்கும் தடவிப் பாப்பாங்க, நான் திருட்டுத்தனமா மூடிட்டேனான்னு.

எது, அந்த நீலக் கட்டமா? அவரு சட்டை.

ஆமா. நான்தான் சொன்னேன், கத்திரி வைக்க மாட்டோம்னு.

ஈஸ்டர் கழிஞ்சு அவரு கூட்டாளி ஜாக்கி இவரு பையக் கொண்டுவந்தான். படகு கவுந்துச்சாம். ஆளு கிடைக்கல, கரையில விட்டுட்டுப் போன பைதான் மிச்சம், உள்ள இந்தச் சட்டை. அத்தைகிட்ட எந்த வாயால சொல்றது? பெட்டிக்குள்ள வச்சா துழாவி எடுத்துருவாங்க. அதான் காலரு, பட்டன், பாக்கெட்டு எல்லாம் பிரிச்சு அடுப்புல போட்டுட்டு, மிச்சத்த கால்மாட்டுல துணியோட துணியா தைச்சுட்டேன். தோள்பட்டையில ஒரு கிழிசல், கண்ணு நல்லா இருந்தப்ப அத்தை தைச்சது. அத மறந்துட்டேன்.

நேத்து வெயில்ல காயப்போட்டு எடுத்தவ தலைமாடு கால்மாடு மாத்தி விரிச்சுட்டேன். அத்தை தடவிட்டே வந்தாங்க. ஒரு இடத்துல விரலு நின்னுபோச்சு. அவங்க தையல் அவங்களுக்குத் தெரியாதா? அரிசி கொண்டான்னாங்க. நாலு மணி அரிசி கொண்டுபோனேன். ஒரு பிடி கொண்டு வாடின்னாங்க. வயித்துக்குள்ள போட்டுட்டு, ஊசியக் கோத்துக் குடுன்னாங்க.

எனக்குத்தான் ஊசியக் குடுக்கக் கை வரல. நானும் இன்னும் சொல்லல, அவங்களும் கேக்கல.

பாத்து மடிங்கக்கா. அரிசி கொட்டிரும்.