மாலை போட்ட ரத்தம்

பேராதனையிலிருந்து கலஹா போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கிளினிக் முடிந்து திரும்புகிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த கிளினிக் கொப்பி கணவர் மடியில் இருந்தது. காணி உறுதிப் பத்திரம் கைக்குக் கிடைத்தவர் போல அவர் அறிவித்தார். நான் காதைப் பொத்தியிருந்தாலும் கேட்டிருக்கும்.

"குடி எங்க பரம்பரை ரத்தத்துலயே இருக்காம். டாக்டரே சொல்லிட்டாரு. இனி என்னைய யாரும் குத்தம் சொல்ல ஏலாது."

"சொன்னாரு. அந்த மாதிரி குடும்பத்துல உள்ளவங்க தொடவே கூடாதுன்னும் சொன்னாரு. அது மட்டும் உங்க காதுல விழலயாக்கும்."

"தாத்தா குடிச்சாரு, அப்பா குடிச்சாரு. நான் என்ன செய்றது?"

"ஐயப்பனுக்கு மாலை போட்டு நாப்பத்தெட்டு நாள் இருந்தீங்களே, அப்ப அந்த ரத்தம் எங்க போயிருந்துச்சு? லீவுலயா?"

"அது சாமி காரியம். வெளையாடாத."

"மாலையக் கழட்டின அன்னைக்கு சாயந்தரமே வேலைக்குத் திரும்பிருச்சே, அதான் கேட்டேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ரத்தத்த மாத்த முடியுமா, சொல்லு?"

"முடியாதுதான். தீவாளிக்கு, ஆம்பளப் புள்ள பழகட்டும்னு, உங்க கையாலயே நம்ம பெரியவனுக்கு ஊத்திக் குடுத்தீங்களே. அவன் ஒடம்புல ஓடுறது யாரு ரத்தம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மடியிலிருந்த கொப்பியைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்தார்.