பட்டாசுப் பெட்டியில் மிதுக்கு வத்தல்

இல்ல சார், அதத்தான நானும் சொல்றேன். பெட்டி பட்டாசுப் பெட்டி. உள்ள இருக்கது வத்தல். ரெண்டும் நெசம். தீவாளி நெருங்கிருச்சு, ரயில்ல எவனும் பட்டாசு கொண்டு போயிறக் கூடாதுன்னு விருதுநகர் டேசன்ல சோதனை போடுறீக. நல்ல காரியம். ஆனா பெட்டியப் பாத்துப் பிடிக்கிறதுன்னா எங்க பக்கம் அம்புட்டுப் பேரையும் பிடிக்கணும். கல்யாண வீட்டுக்குப் பலகாரம் போறதும் இதுலதான், பிள்ள பெத்தவளுக்கு மருந்துச் சாமான் போறதும் இதுலதான். சாருக்கு எந்த ஊரு? கும்பகோணமா? அதான் பாத்தேன். அங்கன பித்தளைத் தூக்குல கொண்டு போவீக.

மேல பத்தாயிரம் வாலான்னு அச்சடிச்சிருக்கு, வாஸ்தவம். கிழிச்சுட்டுக் குடுத்திருக்கணும். பெறந்ததுல இருந்து பாக்குறோமா, எங்க கண்ணுக்கு அது எழுத்தாவே தெரியறதில்ல.

அந்தா பெஞ்சுல முழிச்சுக்கிட்டு இருக்கானே, முனியராஜ், அவன் எங்க பக்கத்து வீட்டுக்காரன். மஸ்கட்ல என் மகன் அன்பரசன் கூட ஒரே ரூம்பு. லீவு முடிஞ்சு திரும்புறான். இந்த மெட்ராஸ் வண்டிய விட்டான்னா நாளைக்கு பிளேனு போயிரும். அவனை விட்டுருவீக, சரி. சந்தோசம். அப்ப என் மேலதான் வருத்தம்.

ஏட்டையா பெட்டியப் பிடுங்கவும் நான் பிளாட்பாரத்துல சம்மணம் போட்டு உக்காந்து காவல்துறை அராஜகம் ஒழிகன்னு கத்துனது தப்புத்தான்னு சொல்லுவீக. அது வாய்ப் பழக்கம் சார். முப்பது வருசமா தீப்பெட்டி ஆபீசு வாசல்லயும் பட்டாசுக் கம்பெனி வாசல்லயும் கத்துன வாயி. சோலைச்சாமின்னு சிவகாசியில கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு வைவாக. அன்னைக்கெல்லாம் நான் ஒழிகன்னா பின்னாடி முந்நூறு பேரு ஒழிகன்னு சொல்லுவாக. இன்னைக்குத் திரும்பிப் பாக்கேன், காப்பி விக்கிறவன் ஒருத்தன் சொன்னான். அவனும் உங்களப் பாத்ததும் காப்பி காப்பின்னு போயிட்டான்.

சிரிக்கீகள்ல, அப்ப ஒண்ண எடுத்து வாயில போடுங்க. பொரிக்காமத் தின்னா கசக்கத்தான் செய்யும். மிதுக்குன்னு பேரு. கரிசக்காட்டுல தானா மொளச்சுப் படர்ற கொடி. காயக் கீறி, மோருல உப்புப் போட்டு ஊறவச்சுக் காயப்போடணும். கம்மங்கூழுக்கும் மோர்ச் சோத்துக்கும் இதப் பொரிச்சு வச்சா வேற ஒண்ணு வேணாம். இத ஒரு ஆளு மஸ்கட்ல உக்காந்து கேக்குறான் பாருங்க. தெனம் கோழி போடுறானாம் மெஸ்ஸுல. குப்பூஸு ரொட்டி வேணுங்கிற மட்டும். தொர அதத் தள்ளி வச்சுட்டு, கடையில பாவக்கா வாங்கி உப்புப் போட்டு ஏசிப் பெட்டி மேல காயவச்சானாம். ரூம்பெல்லாம் நாத்தம். முனியராஜுதான் அள்ளிக் கொட்டியிருக்கான். பாவக்கா மிதுக்காகுமா சார்? இவனெல்லாம் என் பிள்ள.

கடையில வாங்குனதா? அதெல்லாம் இல்ல. முனியராஜு லீவுக்கு வந்து சொன்னதுல இருந்து வெம்பக்கோட்டைக் காடு பூரா நானேதான் பறிச்சேன். கருவ முள்ளு கால்ல ஏறி ஒரு வாரம் நொண்டுனேன். பொம்பளையாளுக பாத்துச் சிரிச்சாளுக, தலைவரு கொடிய விட்டுட்டுக் கொடி பிடிச்சு அலையுறாருன்னு.

சரி, நீங்க நீட்டுற கடுதாசிக்கு வர்றேன். மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போடணும், போடலன்னா கேசு, பெட்டி கேசுச் சொத்து, இங்கனயே கெடக்கும். அப்பிடித்தான? வேற வழி ஒண்ணு சொல்றேன். பெட்டிய வண்டியில ஏத்திருங்க, என்னைய உள்ள வைங்க. ஒரு வாரம்னாலும் இருக்கேன், எனக்குப் புதுசா என்ன? முடியாதா. சட்டம். ம்.

இதுல என்னன்னா சார், அன்பு இங்க அச்சாபீசுல மிசின் ஓட்டுனவன். நல்ல வேலக்காரன். அதே மொதலாளியோட பட்டாசுக் கம்பெனி வாசல்ல நான் ஸ்ட்ரைக்குக்கு உக்காரவும் அவனை நிப்பாட்டிட்டாக. உங்கப்பன் மன்னிப்புன்னு ஒத்த வரி எழுதிக் குடுத்தா நாளைக்கே வான்னாக. அவன் வந்து என் முன்னாடி நின்னான். நான் எழுதல. சரியாத்தான் செஞ்சேன், இப்பக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். அவன் மஸ்கட் போயி அஞ்சு வருசம். போனுல அவுக அம்மாட்ட மட்டும் பேசுவான். பக்கத்துல நான் இருமுனா வச்சிருவான். இப்ப முனியராஜுட்டச் சொல்லி விட்டிருக்கான், எங்கய்யா பறிச்சதா இருக்கணும்னு.

வண்டி வருதோ? கேக்குதுல்ல. அந்தப் பேப்பர இங்கிட்டுத் தள்ளுங்க. பேனா குடுங்க. தமிழ்லதான் போடுவேன், கோவிச்சுக்கிறாதீக. எங்கன, இந்தக் கோட்டு மேலயா?

ஏலே முனியராஜ், வாலே, பெட்டியத் தூக்கு. அவன்ட்ட வத்தல மட்டும் குடு. இங்கன கையெழுத்துப் போட்டதச் சொல்லிறாத.