லென்ஸ் அழுக்கு

ஹலோ... ஆமா, நான்தான். மூடின வயித்துக்குள்ள நூத்திப் பதினேழு கட்டியை ஒண்ணு விடாம எண்ணினேன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியற அதே நர்ஸ்தான்... சிரிக்கிறீங்களா? சிரிங்க டாக்டர். ரிட்டயர் ஆன நமக்கு வேற என்ன வேலை!

ம்... ம்... கேள்விப்பட்டேன். உங்களுக்குப் புத்துநோயாமே, உணவுக்குழாயும் இரைப்பையும் சேர்ற இடத்துல. ஐயோ பாவம்னு சொல்லணும். சொல்றேன், அவசரமில்லை.

ஆபரேஷன் பண்ணப் போறது யாரு, உங்க பழைய ஜூனியரம்மாவா? சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்துட்டுதான் பெரிய ஆபரேஷனைப் பத்திப் பேசவே செய்வேங்கிறாங்களா? சபாஷ்!... ஆமா... ஆமா, ஸ்கேன் சுத்தமா இருக்கு, சரி. கடுகு சைஸ்ல பரவியிருந்தா ஸ்கேனுக்குத் தெரியாதே டாக்டர்!

என்னது? அந்தம்மாகிட்ட நான் பேசி அந்தத் துளையை நிறுத்தணுமா? நேரா கிழிக்கச் சொல்லணுமா?... இருங்க, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கறேன். பத்தொன்பது வருஷமாக் காத்திருந்த போனு. நின்னுக்கிட்டுக் கேட்டா ருசிக்காது.

இதே நோயோட நம்மகிட்ட வந்தாரே, அந்த டிராயிங் மாஸ்டர் ஞாபகம் இருக்கா?... இருக்கும், இருக்கும். அவருக்கும் ஸ்கேன் சுத்தம். நீங்க துளை போட்டீங்க, உள்ள கேமராவைப் பிடிச்சது நான். கல்லீரல் ஓரத்துல வெள்ளையா இருக்கு டாக்டர்னேன். லென்ஸ் அழுக்கு, துடைன்னீங்க. சுடுதண்ணியில முக்கி முக்கித் துடைச்சேன். போகலை. 'மூக்குக்கண்ணாடியை மாத்துங்க சிஸ்டர்'னு அத்தனை பேர் முன்னாடி சிரிச்சீங்க. அப்புறம் நெஞ்சுலேர்ந்து தொப்புள் வரைக்கும் கிழிச்சு, உள்ள பூரா பரவிக் கிடக்கறதைப் பார்த்துட்டு, எதையும் எடுக்காம அப்படியே தைச்சு மூடினீங்க. மிச்சமிருந்த ஏழு வாரத்தையும் அந்த மனுஷன் தையல் வலியிலயே கழிச்சாரு. ஒரு கோடுகூட வரையலை.

என்ன எழுதினீங்க கேஸ் ஷீட்டுல? கேமராவுல ஒண்ணுமே தெரியலைன்னு!

...பயமா? பரவியிருக்குன்னு தெரிஞ்சா ஆபரேஷனே இல்லைன்னுடுவாங்கன்னா? அதுக்காக, தெரியாமலே கிழிச்சுக்கப் போறீங்களா? பொய் சொல்ல மாட்டேன் டாக்டர், கிழிங்கன்னு சொல்லிடலாமான்னு எனக்கும் நாக்கு துறுதுறுங்குது.

என்னது, கேமராவுல நிஜமாவே ஒண்ணும் தெரியலையா? சும்மாயிருங்க, தெரிஞ்சுது! தியேட்டர் டிவி பூரா! வானத்துல நட்சத்திரம் மாதிரி நூத்திப் பதினேழு!... சரி, எண்பது... கத்தாதீங்க, உடம்புக்கு ஆகாது... நாப்பதுக்குக் கீழ ஒண்ணுகூட இறங்க மாட்டேன்!...

...

இப்ப என்ன சொன்னீங்க?

மூணா? டிவில தெரிஞ்சது மூணே மூணுதானா? அதுவும் வரிசையா?

ஆமா டாக்டர். மூணுதான். ஆனா அந்த நிஜக் கணக்கை நான் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லையே. லென்ஸ் அழுக்கை எதுக்கு எண்ணினீங்க?

போனை வெச்சுடாதீங்க டாக்டர்.

நாளைக்குக் காலையில துளை போட்டுக்கறீங்க. நான் வெளிய உக்காந்திருப்பேன். ஆனா அதுக்கு முன்னாடி அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்க... சத்தமா. உங்க வீட்டம்மா காதுலயும் விழட்டும்...

ம்... நான் சொன்னேனா?... ம்... நீங்களும் பார்த்தீங்களா?... பார்த்துட்டுமா கிழிச்சீங்க?...

சரி. லென்ஸை நல்லாத் துடைக்கச் சொல்றேன். வைக்கிறேன்.