ரிமோட்டை அணைத்துப் பாருங்கள்

கழகத்தின் தலைவரும், வாரமெல்லாம் நம் பற்களைக் காத்துவிட்டு ஞாயிறுதோறும் தூசியில் நின்று நம் வண்டிகளையும் காக்கும் பெருமனத்தவருமான டாக்டரம்மா அவர்களே! மேடையை அணிசெய்யும் குழுப் பெரியோர்களே! வீட்டில் பல்துலக்கி காணாமல் போனால், வண்டி தேய்க்க யார் எடுத்தார் என்று கேட்காமலே தெரிந்துவைத்திருக்கும் தாய்மார்களே! நைட்ரோ புகையை நறுமணம் என்று நம்பி நெஞ்சு நிறைய இழுக்கும் தோழர்களே! முதல் வண்டியைப் பெட்டியோடு மடியில் வைத்து அமர்ந்திருக்கும் புதிய உறுப்பினர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த லிஃப்ட் மெக்கானிக்கின் பணிவான வணக்கம்!

ரிமோட்டில் ஓடும் நம் குட்டிப் பந்தய வண்டியைச் சீரமைப்பதும் பேணுவதும் பற்றிப் பேசக் கால் மணி நேரம் தந்திருக்கிறார்கள். வழக்கமாக நான் பேசுவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம். அவர்களால் எழுந்து போக முடியாது. நீங்கள் போகலாம்; ஆனாலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த அன்புக்கு நன்றி!

நண்பர்களே, நைட்ரோ எஞ்சின் என்பது என்ன? நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும், உள்ளங்கையில் அடங்கும் உலோகம். ஆனால் அதற்கு இருக்கும் ரோஷம் இருக்கிறதே, அப்பப்பா! கார்புரேட்டரின் ஊசித் திருகை இறுக்கினால் எரிபொருள் குறையும், அதோடு கலந்துவரும் எண்ணெயும் குறையும். வேகம் கூடும். கூடுகிறதே என்று இன்னும் இறுக்குவோம். வேகம் கூடும், வெப்பம் கூடும், நம் வாய்ச்சவடாலும் கூடும். நான்காவது சுற்றில் எஞ்சின் நம்மைக் கைவிடும். வண்டிக்குப் பின்னால் மெல்லிய புகைக்கோடு தெரிகிறதா? தெரிந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. தெரியாவிட்டால் ஊசியைத் தளர்த்துங்கள்.

ஓட்டம் முடிந்ததா? தொட்டியில் மிச்சம் வைக்காதீர்கள். அந்த எரிபொருள் ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவை அழைக்கும். எஞ்சினுக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கிவையுங்கள். மேலே விட்டால் ஆறும்போது அப்படியே இறுகிக்கொள்ளும். காற்று வடிகட்டியின் பஞ்சைக் கழுவிக் காயவைத்து...

யாருங்க அது, பின்னால? "அதை என் சமையல் பாத்திரத்துலதான் கழுவுறார்"னு சொல்றது? என் வீட்டுக்காரியா? சரி, சரி. சபையில் மறுத்துப் பேசி வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை!

சிரித்தீர்கள். மகிழ்ச்சி. இனி நான் சொல்லப்போவதற்குச் சிரிக்க மாட்டீர்கள். இதுவரை சொன்னதில் தவறினால் போவது எஞ்சின். இப்போது சொல்லப்போவதில் தவறினால் போவது மனிதர்.

ரிமோட்டின் தொடர்பு அறுந்தால் வண்டி என்ன செய்ய வேண்டும்? தானே பிரேக் போட்டு நிற்க வேண்டும். அதற்கென்று ஒரு காப்பு உண்டு. "தொடர்பு போனால், சர்வோவே, இந்த நிலைக்குப் போ" என்று நாம் ஒருமுறை சொல்லிவைத்தால், வண்டி அதை மறக்காது. சர்வோ என்பது பிரேக்கையும் வேகத்தையும் தள்ளி இழுக்கும் சின்ன மோட்டார். அந்த மோட்டாரை மாற்றினால் காப்பையும் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தந்தபின் சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கிவைத்து ரிமோட்டை அணைத்துப் பார்க்க வேண்டும். பத்து நொடி. பத்தே நொடி!

இரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே திடலில், இறுதிப் பந்தயத்துக்குச் சற்றுமுன் ஒருவர் வண்டியில் சர்வோ எரிந்துபோனது. அவர் முடிதிருத்தும் கடைக்காரர். நாமெல்லாம் அண்ணன் என்று அழைத்தவர். நம்மில் பலருடைய தலை அவருக்குத் தெரியும். நான் என் பெட்டியிலிருந்து வேறொரு சர்வோவை எடுத்துப் பொருத்தினேன். அது எதிர்ப்பக்கம் சுற்றும் வகை. அதனாலென்ன? ரிமோட்டில் திசையை மாற்றினேன். வேகம் சரி, பிரேக் சரி. அண்ணன் வந்தார்.

"எல்லாம் பார்த்துட்டியா தம்பி?"

"பார்த்துட்டேண்ணே. தைரியமா ஓட்டுங்க."

பார்த்தேனா? பார்க்கவில்லை. வண்டிக்குள் இருந்த பழைய காப்பு பழைய பிரேக்கையே நினைத்துக்கொண்டிருந்தது. புதிய சர்வோவுக்கு அந்த நிலைதான் முழு வேகம்!

மூன்றாம் சுற்றில் ரிமோட்டின் பேட்டரி ஒரு கணம் தளர்ந்தது. நிற்க வேண்டிய வண்டி பாய்ந்தது. மூன்றரைக் கிலோ எடை, முழு வேகம். கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்த வளைவில் நின்றவரின் காலெலும்பு முறிந்தது. நின்றவர் யார்? இதோ, இந்த மேடையில் தலைமை ஏற்றிருக்கும் டாக்டரம்மா. அன்று அவர் தலைவர் இல்லை. மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். இன்றும் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறார்.

குழு கூடியது. அண்ணன் எழுந்து, "என் வண்டி, என் பொறுப்பு" என்றார். உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தார்கள். நான் அங்கே இருந்தேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

திட்டுங்கள் ஐயா, திட்டுங்கள்!

போன மாதம் அவர் கடைக்குப் போனேன். முடி வெட்டினார். முகம் வழிக்க மட்டும் அடுத்த கடைக்குப் போகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"நீ பார்த்துக் கொடுத்த வண்டி தம்பி அது. அப்புறம் நான்தான் எதையோ தட்டிவிட்டிருக்கேன். எதைத் தொட்டோம்னே தெரியாத கை இது. இன்னொருத்தர் கழுத்துல கத்தி வைக்கலாமா?"

என்னைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவேயில்லை! தன் கையைச் சந்தேகித்தார். நான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. தாடியோடு வீட்டுக்கு வந்தேன். வெட்கமாக இருக்கிறது, தோழர்களே, சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

தலைவர் அவர்களே, உங்கள் காலை ஒடித்தவன் நான். அடிக்க வேண்டியது என் பெயரை. அண்ணனின் கை நல்ல கை. அதில் ஒரு குற்றமும் இல்லை, இல்லை, இல்லவே இல்லை!

தலைவர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். நேரம் முடிந்தது என்றுதான் இருக்கும். இல்லை. "அண்ணனை அழைத்திருக்கிறீர்களா?" என்று எழுதியிருக்கிறார். அழைத்திருக்கிறேன் அம்மா. காரணம் சொல்லாமல் என் வீட்டுக்காரி அழைத்துவந்திருக்கிறாள். கடைசி வரிசையில் இருக்கிறார். எழுந்துவிட்டார்.

"ரெண்டு வருஷமாடா?"

ஆமாண்ணே. ரெண்டு வருஷம்.

வாசலைப் பார்க்கிறார். போனால் அவரைத் தடுக்காதீர்கள். அந்தக் கோபத்துக்கு அவருக்கு உரிமை உண்டு. அண்ணே, போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. இதோ இந்த மேசையில் இருப்பது என் வண்டி. இன்றைய பந்தயத்துக்குத் தயாராக இருக்கிறது. ஆனால் பார்த்துவிட்டேன் என்று இனி என் வாயால் சொல்ல மாட்டேன். உங்கள் கை இந்த ரிமோட்டை அணைத்துப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் இது ஓடும். இல்லையென்றால் இன்று ஓடாது, என்றும் ஓடாது.

வழி விடுங்கள்! அவருக்கு வழி விடுங்கள்! மேடைப் பக்கம்தான் வருகிறார். முகத்தில் கோபம் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும், வருகிறாரே, அது போதும்.

"பேச்சை நிறுத்திட்டு ரிமோட்டைக் குடுடா."

கொடுக்கிறேண்ணே. பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், ஒடிந்த காலோடு எனக்கு மேடை தந்த தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!